புது டிஎஸ்எல்ஆர் அறிவித்தால் ஏன் இத்தனை விதமான பேச்சு?

ஒரு நிறுவனம் புது டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை அறிவித்த அன்று, திருகோணமலையில் படம் எடுத்துப் பிழைக்கிற நாலு பேரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கலியாண வீடு எடுப்பவர் "இருட்டுக்குள்ள எப்படி எடுக்கும்?" என்று கேட்பார். திமிங்கிலம் பார்க்கப் போகிற படகில் கமராவோடு ஏறுகிறவர் "செக்கனுக்கு எத்தனை படம்?" என்பார். ஸ்டூடியோ வைத்திருப்பவர் மெகாபிக்சலைக் கேட்பார். நாலாமவர் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கமரா ஒன்றுதான். ஒருவர் பழையதை விற்றாவது வாங்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் காசைக் கரியாக்குகிற வேலை என்கிறார்.

புதிதாகக் கமரா பழகுகிறவருக்கு இது பெரிய குழப்பம். யார் சொல்வதை எடுப்பது? அனுபவம் உள்ளவர்களே இப்படி அடிபட்டால் நமக்கு என்ன தெரியும் என்று தோன்றும். பெரும்பாலும் நாலு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். புதுக் கமராவைப் பற்றி ஒருவர் சொல்வதில் பாதி கமராவைப் பற்றியது, மீதிப் பாதி அவருடைய வேலையைப் பற்றியது. அவர் என்ன எடுக்கிறார், இப்போது கையில் இருக்கும் கமரா எந்த இடத்தில் அவருடைய காலை வாருகிறது என்று தெரிந்தால் அவருடைய பேச்சு தானாக விளங்கிவிடும். தெரியாவிட்டால் அதே பேச்சு உங்களைத் தவறான கடைக்கு அனுப்பிவிடும்.

முதலில் டிஎஸ்எல்ஆர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே 45 பாகை சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும். மேலே இருக்கும் பென்டாபிரிசம் என்ற கண்ணாடிக் கட்டி அந்தக் காட்சியை நிமிர்த்தி உங்கள் கண்ணுக்குக் கொண்டுவரும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திறக்கும், வெளிச்சம் படத்தைப் பதிகிற சென்சரில் விழும். கிளிக் என்று கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடியும் ஷட்டரும் எழுப்புவது. கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சர் காண்பதைச் சின்னத் திரையில் காட்டினால் அது மிரர்லெஸ். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

சரி, ஏன் பேச்சு பிளக்கிறது என்பதற்கு 2007 ஆகஸ்ட் மாதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதம் 20ஆம் திகதி கெனன், 1டிஎஸ் மார்க் 3 என்ற கமராவை அறிவித்தது. 21.1 மெகாபிக்சல், செக்கனுக்கு 5 படம், ஐஎஸ்ஓ, அதாவது குறைந்த வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும் அளவு, 1600 வரை, சாதாரண எல்லையைத் தாண்டி நீட்டினால் 3200. மூன்று நாள் கழித்து 23ஆம் திகதி நிக்கான், டி3 கமராவை அறிவித்தது. 12.1 மெகாபிக்சல், செக்கனுக்கு 9 படம், ஐஎஸ்ஓ 6400 வரை, நீட்டினால் 25600. இரண்டிலும் ஃபுல் ஃப்ரேம் சென்சர், அதாவது பழைய ஃபிலிம் சுருளின் 36க்கு 24 மில்லிமீற்றர் அளவு.

மெகாபிக்சலை மட்டும் பார்த்தவருக்கு நிக்கான் பாதி வழியில் நின்றுவிட்டதாகத் தெரிந்தது. விளம்பரப் படமும் நிலக்காட்சியும் எடுக்கிறவர்கள் கெனன் பக்கம் பார்த்தார்கள். விளையாட்டும் செய்தியும் எடுக்கிறவர்களோ டி3இன் ஐஎஸ்ஓ வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இரு தரப்பும் சொன்னது சரி. ஸ்டூடியோவில் வெளிச்சம் நம் கையில் இருக்கிறது, ஆள் அசையாமல் நிற்கிறார், அங்கே 6400 தேவைப்படாது. இரவு மைதானத்தில் ஓடுகிறவரை எடுக்க 21 மெகாபிக்சல் உதவாது, வெளிச்சம்தான் உதவும்.

இந்த ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். புது அறிவிப்புகளில் அதிகம் வாய்ச்சண்டை நடக்கிற இடமும் இதுதான், பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடமும் இதுதான்.

படம் ஒன்றுக்கு வெளிச்சம் இரண்டு வழியாகக் கட்டுப்படுகிறது. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. இரண்டும் போதாதபோது, விழுந்த கொஞ்ச வெளிச்சத்தையே கமரா தூக்கிக் காட்டுகிறது. எவ்வளவு தூக்குவது என்பதன் அளவுதான் ஐஎஸ்ஓ. எண் இரட்டிப்பானால் ஒரு படி. 1600இலிருந்து 3200 ஒரு படி, 6400 இரண்டு படி.

கோணேசர் நகர்வலம் வருகிற இரவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு ஒரு பக்கம், சோடனை விளக்கு ஒரு பக்கம், இடையில் இருட்டு. துவாரத்தை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஷட்டர் வேகம் 1/30 செக்கன் கிடைக்கிறது என்று வைப்போம். அந்த வேகத்தில் நடந்துவருகிற மேளகாரரின் கை கலங்கிப்போகும். ஐஎஸ்ஓ 6400 வைக்க முடிந்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைக்கும். நடக்கிற ஆள் ஓரளவு நிற்பார். ஃபிளாஷ் போட்டால் இன்னும் கூர்மையாக எடுக்கலாம்தான், ஆனால் சோடனையின் மஞ்சள் வெளிச்சம் செத்துவிடும். தீபத்தின் வெளிச்சத்திலேயே முகம் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் 6400 என்ற எண்ணுக்கு ஏன் இத்தனை சந்தோஷப்படுகிறார் என்பது இப்போது விளங்கும். அவருக்கு அந்த இரண்டு படிகள் என்றால், இதுவரை எடுக்கவே முடியாத ஒரு இரவை எடுக்கலாம் என்று அர்த்தம்.

இதற்கு ஒரு விலை உண்டு. வெளிச்சம் குறையக் குறைய, தூக்கிக் காட்டிய படத்தில் புள்ளிபுள்ளியாக நொய்ஸ் வரும். நிறம் மங்கும், முகத்தின் நிழற்பகுதி அழுக்காகத் தெரியும். சென்சர் பெரிதானால் மொத்தமாக வாங்கும் வெளிச்சம் கூடும், நொய்ஸ் குறையும். ஃபுல் ஃப்ரேம் சென்சரின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி வகையில் நிக்கானுடையது கிட்டத்தட்ட 370. இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசம், ஒரு படிக்கு மேல். ஒரே காலத்துச் சென்சர்கள் என்றால் இருட்டில் இந்த ஒரு படி கண்ணுக்குத் தெரியும்.

அறிவிப்பில் வருகிற மிகப் பெரிய ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். 2016 ஜனவரியில் வந்த நிக்கான் டி500இன் நீட்டிய ஐஎஸ்ஓ 1,640,000. அதில் எடுத்த படத்தில் ஆள் இருக்கிறார் என்பது தெரியும், அவ்வளவுதான். அந்தக் கமராவின் சாதாரண எல்லை 51,200. "நீட்டினால்" என்று சொல்லாத எண்ணை எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று படி கீழே இறங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய படம் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

இனி மெகாபிக்சல். இதில் ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். மெகாபிக்சல் என்பது பரப்பு. நீளமும் அகலமும் பெருக்கி வருவது. ஆகவே 12 மெகாபிக்சல் 24 ஆனால் படத்தின் நீளப்பக்கத்தில் விவரம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் கூடும். இரட்டிப்பாக வேண்டும் என்றால் 48 வேண்டும். டி3இன் படம் 4256க்கு 2832 புள்ளி. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 14 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்குச் சற்று அதிகமான அகலமும் வரும். கலியாண அல்பத்தின் ஒரு பக்கத்துக்கு இது தாராளம். 2017இல் வந்த டி850 45.7 மெகாபிக்சல், அதே கணக்கில் 27 அங்குலத்தைத் தாண்டும். மண்டப வாசலில் வைக்கிற பெரிய பதாகை அடிக்கிறவருக்கும், எடுத்த படத்தின் ஒரு மூலையை வெட்டி எடுக்கவேண்டியவருக்கும் இது பெரிய விஷயம். முகநூலில் போடுகிறவருக்கு அதன் பலன் தெரியவே தெரியாது.

கூடிய மெகாபிக்சலுக்கு எதிராக வருகிற முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது. 2012 பெப்ரவரியில் நிக்கான் டி800 அறிவித்தபோது 36.3 மெகாபிக்சல் என்றார்கள். சென்சர் கண்டதை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பு ஒன்று, தரம் குறையாமல் சுருக்கியும், சுமார் 40 மெகாபைட். ஒரு கலியாண வீட்டில் 2000 படம் எடுத்தால் 80 ஜிகாபைட். அதை வைக்க ஹார்ட் டிஸ்க், ஒரு பிரதி எடுத்துவைக்க இன்னொன்று, திறந்து திருத்த வேகமான கணினி. கமராவின் விலையோடு இதுவும் சேரும் என்று அறிவித்த அன்றே சிலர் கணக்குப் போட்டார்கள். அவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவது தவறு. அவர்கள் விலைப் பட்டியலின் மறுபக்கத்தையும் படித்தார்கள்.

டி800 கிளப்பிய மனவருத்தம் இன்னொன்றும் உண்டு. அதற்கு முன் 2008இல் வந்த டி700 செக்கனுக்கு 5 படம் எடுக்கும், கீழே பற்றரிப் பிடி பூட்டினால் 8. டி800 செக்கனுக்கு 4. செய்தியும் ஊர்வலமும் எடுக்க டி700ஐ நம்பியிருந்தவர்களுக்கு, தங்களுக்கு அடுத்ததாக வந்த கமரா வேகத்தில் பின்னால் போய்விட்டது. நிலக்காட்சி எடுப்பவர்கள் அதே நாளில் கொண்டாடினார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோபப்பட்டவர்கள் டி800ஐ மோசமான கமரா என்று சொல்லவில்லை. "இது எங்களுக்கான கமரா இல்லை" என்றார்கள். பழகுகிறவர்களின் காதில் இவை இரண்டும் ஒரே மாதிரி விழும். பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

கடல் பக்கம் வருவோம். தென்மேற்குப் பருவக் காற்று மேற்குக் கரையைப் போட்டு அடிக்கிற மாதங்களில் நம் கடல் படுத்திருக்கும். அந்தக் காலத்தில் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் நம் கரைக்கு எட்டிய ஆழ்கடலில் வரும். கோணமலை உச்சியில் நின்றுகூட மூச்சுவிடும் நீர்த்தூறலைச் சில நாளில் காணலாம். ஆனால் படகில் போகிறவருக்குக் கிடைப்பது வாலைத் தூக்கி முங்குகிற அந்தச் சில செக்கன்கள்தான். படகு ஆடுகிறது, உப்புத் தூறல் அடிக்கிறது, வால் எப்போது எழும் என்று தெரியாது. இந்த வேலைக்குப் போகிறவர் அறிவிப்பில் முதலில் தேடுவது மூன்று வரிகள்: செக்கனுக்கு எத்தனை படம், எத்தனை படத்துக்குப் பிறகு கமரா மூச்சுவாங்கும், கமரா கூர்மையைப் பிடிக்கிற ஃபோகஸ் புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன.

முதல் வரியை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவதை, அதாவது பஃபரை, பழகுகிறவர்கள் தவறவிடுவார்கள். கமரா எடுக்கிற படம் உடனே மெமரி கார்டுக்குப் போகாது. உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகத்தில் நின்று, அங்கிருந்து கார்டுக்கு எழுதப்படும். கரைவலை இழுக்கிறபோது வலையில் மீன் குவிந்தாலும், பெட்டியில் அள்ளிப் போடுகிற கைகள் குறைவு என்றால் எல்லாம் மணலில் காத்துக் கிடக்கும் அல்லவா, அதேதான் இங்கும். 2014 செப்டெம்பரில் வந்த கெனன் 7டி மார்க் 2 செக்கனுக்கு 10 படம் எடுக்கும், ஆனால் ரோவில் சுமார் 31 படத்தோடு பஃபர் நிறைந்துவிடும். மூன்று செக்கன். டி500ம் செக்கனுக்கு 10 படம்தான், ஆனால் வேகமான எக்ஸ்கியூடி கார்ட் போட்டால் 200 ரோ படம் வரை நிற்காது. இருபது செக்கன். தலைப்பில் இரண்டும் "செக்கனுக்கு 10". திமிங்கிலம் முதுகைக் காட்டியதிலிருந்து வால் மறையும் வரை அழுத்திய விரலை எடுக்காமல் இருக்க முடியுமா என்பது இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அந்த எக்ஸ்கியூடி கார்டின் விலையைப் பார்த்துப் பலர் முறைத்ததும் உண்மை.

டி500க்கு அத்தனை வரவேற்பு கிடைத்ததற்குக் காத்திருப்பும் ஒரு காரணம். அதற்கு முன்னோடியான டி300எஸ் வந்தது 2009இல். ஆறு வருடத்துக்கும் மேலாக, சின்னச் சென்சரில் வேகமான நிக்கான் இனி வராது என்று பலர் கைகழுவியிருந்தார்கள்.

சின்னச் சென்சரை ஏன் ஒருவர் விரும்பிக் கேட்கவேண்டும்? இருட்டில் அது ஒரு படி பின்னால்தானே? தூரம் எடுக்கிறவருக்கு அதில் ஒரு சாதகம் உண்டு. ஏபிஎஸ்-சி சென்சர் லென்ஸ் தருகிற காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். அதனால் 300 மில்லிமீற்றர் லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 450 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டுகிற அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். நிக்கானில் 1.5 மடங்கு, கெனனில் 1.6. லென்ஸ் உண்மையில் நீளவில்லை, ஓரத்தை வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஃபுல் ஃப்ரேமில் எடுத்துக் கணினியில் வெட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். டி3இல் எடுத்து அந்த அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 5 மெகாபிக்சல். டி500 அதே இடத்தில் 20.9 தரும். நிக்கானில் டி850 வந்த பிறகுதான் வெட்டினாலும் 19 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சியது. 600 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்க ஒரு காணியை விற்கவேண்டும் என்ற நிலையில் இருக்கிற ஒருவருக்கு ஏபிஎஸ்-சி எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கொழும்பின் பெரிய கடைகளுக்குள் நின்று பார்த்தால் விளங்காது. புறாத்தீவுக்குப் போகிற படகில் ஏறிப் பார்த்தால் விளங்கும்.

இனி, அறிவித்த அன்று யாரும் பேசாத ஒரு வரியைப் பற்றி. என் மனதுக்கு மிக நெருக்கமானது இது.

7டி மார்க் 2 வந்தபோது புகார்கள் வரிசையாக வந்தன. வைஃபை இல்லை, தொடுதிரை இல்லை, மெகாபிக்சல் 20 மட்டும்தானா. எல்லாம் உண்மைதான். ஆனால் அதன் பட்டியலில் மினுக்கத் தடுப்பு என்று ஒரு சின்ன அம்சம் இருந்தது. இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை திசை மாறும். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் அதனால் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/500 செக்கனில் படம் எடுக்கிற கமராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சம் கூடிய கணத்தில் விழும், அடுத்தது குறைந்த கணத்தில் விழும். மணமேடையில் தாலி கட்டுகிற நேரத்தில் தொடர்ந்து எடுத்த பத்துப் படத்தில் மூன்று இருண்டு, இரண்டு மஞ்சளடித்து வருவது இதனால்தான். கமரா பழுதோ லென்ஸ் பழுதோ என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மினுக்கத் தடுப்பு உள்ள கமரா விளக்கின் ஏற்ற இறக்கத்தை அளந்து, உச்சியில் இருக்கிற கணத்தில் ஷட்டரைத் திறக்கும். உள்விளையாட்டு அரங்கிலும் கலியாண மண்டபத்திலும் வேலை செய்கிறவருக்கு வைஃபையைவிட இது எத்தனையோ மடங்கு பெரியது. அது இல்லாத கமரா வைத்திருப்பவர் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் ஓரளவு தப்பலாம். விளக்கின் ஒரு முழுச் சுற்று அதற்குள் வந்துவிடும்.

இந்த 50 என்ற எண் வீடியோவிலும் நம்மைத் துரத்தியது. 2008 செப்டெம்பரில் கெனன் 5டி மார்க் 2 அறிவித்தது. ஃபுல் ஃப்ரேம், 21.1 மெகாபிக்சல், கூடவே 1080 வரி வீடியோ. சில கிழமைக்கு முன் நிக்கான் டி90தான் வீடியோ எடுக்கிற முதல் டிஎஸ்எல்ஆராக வந்திருந்தது. படம் எடுக்கிறவர்களில் கணிசமானோர் "எங்களுக்கு எதற்கு வீடியோ? அந்தக் காசைக் குறைத்துத் தாருங்கள்" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் பிழையில்லை, அந்தக் கமராவை முதலில் வாங்கப்போனவர்கள் அவர்கள்தான். ஆனால் பெரிய சென்சரில் பின்னணி மங்கி ஆள் மட்டும் எடுப்பாக நிற்கிற வீடியோவை அந்த விலைக்கு அதுவரை யாரும் கண்டதில்லை. சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அது செக்கனுக்கு 30 சட்டம் (ஃப்ரேம்) என்ற வேகத்தில் மட்டும் எடுத்தது, ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்கவும் விடவில்லை. 50 சுற்று மின்சாரம் உள்ள நம் போன்ற நாடுகளில் டியூப் லைட்டின் கீழ் அந்த வீடியோவில் கோடு ஓடும். 2009 ஜூனில் வந்த மென்பொருள் கையால் வைக்கும் வசதியைத் தந்தது. 2010 மார்ச்சில் 25 சட்டமும் வந்தது. 25 சட்டம், 1/50 ஷட்டர், கோடு போய்விட்டது. இன்று கலியாணம் எடுக்கிற எந்தச் சின்ன ஸ்டூடியோவும் படமெடுக்கிற அதே கமராவில் வீடியோவும் எடுக்கிறது. அறிவித்த நாளில் அதை வேண்டாத சுமை என்று சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அறிவித்த நாளில் தெரியாத குறைகளும் உண்டு. 2012 செப்டெம்பரில் நிக்கான் டி600 வந்தபோது, ஃபுல் ஃப்ரேம் இவ்வளவு மலிவாகவா என்று நல்ல பேச்சுத்தான். சில மாதத்தில் படத்தில் புள்ளிகள் விழுகின்றன என்ற புகார் பரவியது, சென்சரில் தூசியும் எண்ணெய்த் துளியும் படிந்திருந்தன. 2013 ஒக்டோபரில் ஷட்டரை மாற்றி டி610 வந்தது. 2014இல் டி600 வைத்திருந்தவர்களுக்கு ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. பட்டியலைப் படித்து இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. முதல் நாள் பேச்சு பட்டியலைப் பற்றியது, ஒரு வருடம் கழித்து வருகிற பேச்சு கமராவைப் பற்றியது. இரண்டாவதற்குக் காத்திருக்க முடிந்தவர் பாக்கியசாலி.

மிரர்லெஸ்ஸுக்கு வருகிறேன் என்றேன். 2018இல் கெனனும் நிக்கானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் தொடங்கி, லென்ஸைக் கமராவில் மாட்டுகிற பூட்டையும் புதிதாகக் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இரண்டின் கவனமும் அந்தப் பக்கமே போய்விட்டது. அந்த நிலையில் 2021 மார்ச் 31இல் பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 என்ற டிஎஸ்எல்ஆரை அறிவித்தபோது பேச்சு இரண்டாகப் பிரிந்தது. 25.7 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி, செக்கனுக்கு 12 படம், 2000 டொலரை ஒட்டிய விலை. இந்தக் காசுக்கு மிரர்லெஸ் வாங்கலாமே என்றது ஒரு பக்கம். மறுபக்கம், கண்ணை வைத்துப் பார்க்கும் அந்த வியூஃபைண்டருக்காகவே சந்தோஷப்பட்டது. ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆரில் அவ்வளவு பெரிதாகக் காட்டுகிற வியூஃபைண்டர் அரிது.

இதில் நான் எந்தப் பக்கம் என்றால், பழகுகிறவர் ஒருவருக்கு இரண்டும் இரண்டு விதமாகப் பாடம் எடுக்கும் என்பேன். மிரர்லெஸ் திரையில், எடுக்கப்போகிற படம் இருட்டா வெளிச்சமா என்பது முன்கூட்டியே தெரியும். டிஎஸ்எல்ஆரில் தெரியாது. நீங்கள் அளந்து, யோசித்து, எடுத்த பிறகே பார்க்கவேண்டும். சிரமம்தான், ஆனால் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடுகிற பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். பற்றரியும் ஒரு விஷயம். வியூஃபைண்டருக்கு மின்சாரத் திரை தேவையில்லாததால் டி500 ஒரு பற்றரியில் 1240 படம் எடுக்கும் என்று அதன் அளவுகோல் சொல்கிறது, டி850 1840. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கலியாணம் எடுத்தவர்களுக்கு இந்த எண்களின் பெறுமதி நன்றாகத் தெரியும்.

கையில் பழைய லென்ஸ் இருப்பவர்களின் பேச்சு தனி ரகம். நிக்கானின் எஃப் பூட்டு 1959இலிருந்து, பென்டாக்ஸின் கே பூட்டு 1975இலிருந்து, கெனனின் ஈஎஃப் 1987இலிருந்து. நாலைந்து லென்ஸ் சேர்த்து வைத்திருப்பவர் வேறு நிறுவனத்தின் கமராவைப் புகழ்ந்தாலும் வாங்கமாட்டார், வாங்கவும் முடியாது. அவருடைய புகழ்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தன் நிறுவனத்தின் கமராவை அவர் திட்டினால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

கடைசியாக, நாலாமவர் கேட்ட விலை. அறிவிப்புகள் டொலரில் வருகின்றன. டி500 அறிவித்தபோது விலை 2000 டொலர், அப்போது ஒரு டொலர் 145 ரூபாவுக்குக் கிட்ட. வரி சேர்க்காமல் 2 இலட்சத்து 90 ஆயிரம். 2022க்குப் பிறகு 300 ரூபாவை ஒட்டிய டொலரில் அதே 2000 டொலர் 6 இலட்சம். கமரா மாறவில்லை, ரூபா மாறிவிட்டது. ஆகவே திருகோணமலையில் பழகுகிற ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ, புது அறிவிப்பால் வருகிற முதல் பலன் பெரும்பாலும் பழையது ஒன்று விலை இறங்குவதுதான். புதியதுக்கு மாறுகிறவர்கள் கையில் இருப்பதை விற்பார்கள்.

அப்படி வாங்கப்போனால் ஷட்டர் எத்தனை தடவை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். டி500உம் 7டி மார்க் 2உம் 2 இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டவை. கலியாண வீட்டுக்கு 2000 படம் என்றால் நூறு கலியாணம். நிக்கான் கமராக்கள் இந்த எண்ணிக்கையைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும், எடுத்த ஒரு படத்தை வாங்கிக் கணினியில் பார்க்கலாம். நம் ஊரில் உப்புக் காற்று ஒன்று, வாடைக் கால ஈரம் இன்னொன்று. ஃபிளாஷ் பூட்டும் இடத்தின் உலோகம், திருகாணித் தலைகள், பற்றரி வைக்கும் குழி எல்லாவற்றிலும் பச்சையோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தால், பூஞ்சணம் பிடித்திருந்தால் மெல்லிய நூலாகத் தெரியும். பிறகு துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சரில் தூசி இருந்தால் அங்கே மங்கலான வட்டமாக நிற்கும். கொஞ்சத் தூசி என்றால் துடைத்துவிடலாம். லென்ஸுக்குள் பூஞ்சணம் என்றால் விலையைக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.